சியன்னாவுக்குப் பின்னால் 6க்கு 12 கார்கோ ட்ரெய்லர்: காம்பராக மாற்றலாமா?

மார்ச் 3, கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். ஒன்ராறியோவில் அஜாக்ஸில் இருக்கிறோம், நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். 6 அடிக்கு 12 அடி மூடின கார்கோ ட்ரெய்லர் ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. ஒற்றை அச்சு, பின்னால் இரட்டைக் கதவு, பக்கத்தில் ஒரு கதவு. அதை வாங்கிக் கட்டில், சின்னக் குசினி, சோலர் எல்லாம் போட்டால் கடையில் விற்கிற காம்பரின் (படுத்து எழும்ப வசதியுள்ள ட்ரெய்லரின்) கால்வாசிக் காசில் முடியும் என்று யூடியூப்பில் சொல்கிறார்கள். இழுக்கப்போவது எங்கள் ரொயோட்டா சியன்னா வான். சுவருக்கு எந்த ஃபோம் நல்லது? செய்த ஆக்கள் யாராவது சொல்லுங்கோ.

மார்ச் 3, இரவு, பதில்

ஃபோமைப் பிறகு பார்ப்போம் தம்பி. நாளைக்கு விடிந்ததும் வானின் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கிற ஸ்ரிக்கரைப் படியுங்கள். ஆக்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். சியன்னா 3,500 றாத்தல் இழுக்கும் என்று எல்லாரும் சொல்வது சரிதான். ஆனால் ட்ரெய்லரின் மூக்குப் பாரம், அதாவது கொக்கியில் மாட்டுகிற முன்முனையின் பாரம், வானின் மேல்தான் வந்து இறங்கும், அது இந்த ஸ்ரிக்கர்க் கணக்கில் சேரும். மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் மூக்கில் இருந்தால்தான் ட்ரெய்லர் ஆடாமல் நேராக வரும். 2,600 றாத்தல் ட்ரெய்லர் என்றால் மூக்கில் 260க்குக் குறையக் கூடாது, வானின் கொக்கிக்கு 350க்கு மேல் போகவும் கூடாது. அதற்கு மேல் நீங்கள் நாலு பேர், கூலர், சைக்கிள், மனைவி கடைசி நேரத்தில் ஏற்றுகிற பெட்டி. எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள், ஸ்ரிக்கரில் உள்ள எண் எவ்வளவு கெதியாக முடிகிறது என்று விளங்கும்.

எங்களிடம் இருப்பதும் சியன்னாதான், அதே 6க்கு 12தான். முடியும். ஆனால் ஒவ்வொரு பலகையையும் யோசித்துத்தான் ஏற்ற வேண்டும்.

மார்ச் 4

கால்வாசிக் காசு என்பதை நான் நம்பவில்லை. பலகையும் ஃபோமும் மலிவு. காசைத் தின்பது கூரை விசிறி, யன்னல், லித்தியம் பற்றரி, சார்ஜர், ஹீற்றர், நல்ல மெத்தை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்க்கும்போது பெரிதாகத் தெரியாது, ஒவ்வொன்றுக்கும் 13 வீத வரி வேறு. பாதிக் காசு என்று வைத்துக்கொண்டு, உங்கள் சனி ஞாயிறுகளுக்குச் சம்பளம் போடாமல் விட்டால் கணக்குச் சரிவரும்.

காசு மட்டும்தான் நோக்கம் என்றால் பழைய மடிப்புக் காம்பர் ஒன்றை வாங்கிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். நான் கார்கோ ட்ரெய்லருக்குப் போனது அதன் எலும்புக்காக. கடைக் காம்பர்களில் கனக்க மரச் சட்டம். ஒரு மூலையில் ஒழுகத் தொடங்கினால் சுவருக்குள்ளேயே மரம் உக்கிவிடும், வெளியில் ஒன்றும் தெரியாது, ஒருநாள் விரலால் அமத்தினால் சுவர் உள்ளே போகும். கார்கோ ட்ரெய்லரில் இரும்புச் சட்டம், அலுமினியத் தகடு, பெரும்பாலும் ஒரே துண்டுக் கூரை. உள்பலகையின் திருகாணிகளைக் கழற்றினால் எல்லாம் கண்முன்னால் இருக்கும். எது ஒழுகுகிறது, எங்கே கறள் பிடிக்கிறது என்று பார்த்துச் செய்யலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல விடை இருந்தது. 1968இல் வினிப்பெக்கில் ரே ஒலெக்கோ உருவாக்கிய போலர் என்ற காம்பர், 13 அடி, கண்ணாடியிழையில் இரண்டு பாதிகளாக வார்த்து நடுவில் ஒட்டியது. சுவரில் மரச் சட்டம் இல்லை, அதனால்தான் அரை நூற்றாண்டு தாண்டியும் நெடுஞ்சாலையில் காணக் கிடைக்கிறது. நல்ல நிலையில் ஒன்று நியாயமான விலைக்கு வந்தால், நான் கீழே எழுதப்போகிற எல்லாவற்றையும் மறந்துவிட்டு அதை வாங்குங்கள். வருவதில்லை, அதுதான் பிரச்சினை.

மார்ச் 5

மிசிசாகாவில் இருந்து ஒருவர் கேட்டது: அச்சு 3,500 றாத்தல் தாங்கும், ரயரும் தாங்கும், பிறகு ஏன் தகட்டில் மொத்தப் பாரம் 2,990 என்று போட்டிருக்கிறார்கள்? பிரேக்தான் காரணம். ஒன்ராறியோவில் ட்ரெய்லரின் மொத்தப் பாரம் 1,360 கிலோ, அதாவது 3,000 றாத்தல் வந்தால் அதற்கென்று தனிப் பிரேக் கட்டாயம். அமெரிக்காவில் பல மாநிலங்களிலும் அதே 3,000தான் கோடு. அதற்குக் கீழே நிறுத்தினால் பிரேக் இல்லாமல் விற்கலாம். ட்ரெய்லர் வெறுமையாக 1,200 முதல் 1,500 வரை வரும், ஆகவே உங்களுக்கு மிச்சம் சுமார் 1,500 றாத்தல்.

என் கருத்து: சட்டம் கேட்காவிட்டாலும் பிரேக் போடுங்கள். பல அச்சுகளில் பிரேக் பூட்டுவதற்கான நாலு துளைகள் முதலே இருக்கும். வானுக்கு, ட்ரெய்லர் பிரேக்கை இயக்குகிற பிரேக் கொன்ட்ரோலரும் ஏழு முனைப் பிளக்கும் வேண்டும். மலை இறக்கத்தில் முன்னால் ஒரு லொறி திடீரென்று நின்றால், பின்னால் இருந்து ஒரு தொன்னுக்கு மேல் தள்ளும். ஹன்ட்ஸ்வில் பக்கம் அந்தத் தள்ளலை ஒருதரம் முதுகில் உணர்ந்த பிறகு மச்சானும் நானும் அடுத்த வாரமே பூட்டினோம்.

மார்ச் 9

சரி, இப்போது முக்கியமானது. வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தியதும் ஒரு துளையும் போடாதீர்கள். முதல் வேலை, ஒருவர் உள்ளே ரோர்ச் லைற்றோடு நிற்க, மற்றவர் வெளியில் இருந்து தோட்டக் குழாயால் கூரை, மூலைகள், கதவோரம், எல்லாவற்றுக்கும் மேலாக முன்பக்க உச்சியில் இருக்கிற சின்ன அடையாள லைற்றுகள், இவற்றில் நீர் அடிக்க வேண்டும். கீழிருந்து மேலாக, மெதுவாக. மேலே அடித்துவிட்டுக் கீழே வந்தால் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பிடிக்க முடியாது. எங்களுக்கு விற்றவர் மழைக்கு ஒரு சொட்டும் போகாது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். முன்பக்க லைற் ஒன்றின் வயர் துளைவழியாக நீர் பலகைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஃபோமும் பலகையும் போட்டு மூடிய பிறகு என்றால் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டாவது வேலை, வெறும் ட்ரெய்லருக்குள் குடும்பமாக ஓர் இரவு படுங்கள். தரையில் மெத்தை, போர்வை, அவ்வளவுதான். குளிரான இரவாக இருந்தால் இன்னும் நல்லது. நாங்கள் நவம்பரில் செய்தோம். காலையில் எழும்பி ரோர்ச்சை மேலே அடித்துப் பார்த்தால், சுவர்ப் பலகை நெடுக ஒவ்வொரு திருகாணித் தலையிலும் வெண்பனி, சட்டைப் பொத்தான்கள் வரிசையாகத் தைத்தது போல. பலகை காய்ந்துதான் இருந்தது. ஆணித்தலையில் மட்டும் பனி. ஏனென்றால் அந்த ஆணி பலகையைத் துளைத்து இரும்புச் சட்டத்தில் போய் நிற்கிறது, சட்டம் வெளித்தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, வெளிக்குளிர் நேராக ஆணித்தலைக்கு வந்துவிடுகிறது. நாலு பேர் மூச்சில் போகிற நீர் அங்கே வந்து உறைகிறது. ஓர் ஆள் படுத்து எழும்புவதற்குள் மூச்சிலும் தோலிலுமாகக் கால் லீற்றர் நீர் காற்றில் கலக்கும். நாலு பேருக்கு ஒரு லீற்றர். அது எங்கேயாவது போய் இறங்கத்தான் வேண்டும்.

இந்த ஓர் இரவில் உங்களுக்குத் தெரியவருவது எந்த வீடியோவிலும் இல்லை. யார் எந்தப் பக்கம் படுத்தால் நித்திரை வருகிறது, சின்னவன் இரவில் எழும்பினால் யாரை மிதிக்கிறான், எங்கே தலை இடிக்கிறது, எல்லாம் தெரியும். இன்னொன்று: 6 அடி என்று விற்றாலும் உள்ளே அகலம் 5 அடி 8 அங்குலம் அளவில்தான் வரும். குறுக்காகக் கட்டில் போடலாம் என்று தாளில் கீறியவர்கள் எல்லாரும் படுத்துப் பார்த்த பிறகுதான் நெடுக்காகத் திருப்புகிறார்கள். பிள்ளைகளுக்குக் குறுக்காக அடுக்குக் கட்டில், உங்களுக்கு நெடுக்காக. இதுதான் இந்த அளவில் சரிவரும்.

மார்ச் 10

இப்போது ஃபோம். கடைகளில் இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கிற எக்ஸ்.பி.எஸ் பலகை ஃபோம் போதும். ஓர் அங்குலத்துக்கு ஆர் 5 (ஆர் என்பது சூடு கடக்காமல் தடுக்கிற வலுவின் அளவு). பொலிஐசோ என்று தாள் ஒட்டி வருவது அங்குலத்துக்கு ஆர் 6 காட்டும், ஆனால் குளிர் கூடக்கூட அதன் வலு குறையும். எங்களுக்கு வேண்டியதே குளிருக்குத்தான். உங்கள் சட்டங்களுக்கு நடுவே ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம்தான் இடம் இருக்கும், அதற்குள் எது போனாலும் வித்தியாசம் சொற்பம்.

வித்தியாசம் வருவது சட்டத்தின் மேல். நேற்றுச் சொன்ன ஆணித்தலைப் பனி, இடைவெளியை எவ்வளவு நிரப்பினாலும் போகாது. உள்பலகையைக் கழற்றி, இடைவெளிகளில் ஃபோம் வைத்து, அதற்கு மேல் சட்டங்களையும் சேர்த்து மூடுகிற மாதிரி அரை அங்குல ஃபோமை முழுச் சுவருக்கும் ஒட்டி, பிறகு பலகை. இரும்பும் பலகையும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஆணிகள் இன்னும் தொடும், அதனால் ஆணிகளைக் குறைத்துத் தலைகளின் மேல் மெல்லிய மரப்பட்டி அடித்து மறைத்தோம். பனி நின்றது.

ஃபோம் விளிம்புகளையும் ஓரங்களையும் ஒட்டுநாடாவால் அடையுங்கள். ஈரக் காற்று பின்னால் போய்த் தகட்டைத் தொடாவிட்டால் அங்கே நீராக மாற ஒன்றும் இல்லை.

மார்ச் 10, கொஞ்சம் பிந்தி

தரைக்கும் ஃபோம் வேண்டுமா என்று தம்பி கேட்கிறார். வேண்டும் என்பது ஒருபக்கம், உயரம் என்பது மறுபக்கம். ஓர் அங்குல ஃபோமும் அரை அங்குலப் பலகையும் போட்டால் ஒன்றரை அங்குலம் போய்விடும், பலகைப் பாரமும் கூடும். நீங்கள் 5 அடி 10 என்றால் போடுங்கள். 6 அடிக்கு மேல் என்றால் தரையை விட்டுவிட்டு ரப்பர் விரிப்பும் தடித்த கம்பளமும் போதும். எக்ஸ்.பி.எஸ் கால் வைத்து நடக்கத் தாங்கும், நடுவில் மரச் சட்டம் எல்லாம் தேவையில்லை. மரத்தைக் கூட்டினால் பாரம்தான்.

மார்ச் 16

இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், தயவுசெய்து மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். கார்கோ ட்ரெய்லர் சாமானுக்குச் செய்தது. சாமான் உள்ளிருந்து கதவைத் திறக்கத் தேவையில்லை. பின்கதவுகளைப் பிடிக்கிற நீளக் கம்பிப் பூட்டு வெளியில் இருந்துதான் திறக்கும். பல ட்ரெய்லர்களில் பக்கக் கதவிலும் அதே கம்பிப் பூட்டு. இரவில் யாரோ போகிறபோக்கில் அதைத் தட்டிவிட்டால் போதும், உள்ளே இருக்கிற நாலு பேருக்கும் வழியில்லை.

பக்கக் கதவுக்குக் காம்பர்களில் வருகிற மாதிரியான, உள்ளிருந்தும் திறக்கிற பூட்டைப் போடுங்கள். பழைய கம்பியை முற்றாகக் கழற்றி எறியுங்கள், கொளுவி மட்டும் விட்டுவைத்தாலும் பிழைதான். அத்துடன் இரண்டாவது வழி ஒன்று வேண்டும். அடுப்பும் ஹீற்றரும் கதவுக்குக் கிட்ட இருந்தால், தீ வந்தால் அந்தக் கதவால் போக முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வெளியேறக்கூடிய அளவில் முழுதாகத் திறக்கிற யன்னல். பிள்ளைகளைக் கொண்டு திறக்கவைத்துப் பாருங்கள், இருட்டில். எங்கள் மகளுக்கு அந்தக் கைபிடியைத் திருப்பப் பலம் போதவில்லை, மாற்றி வேறு யன்னல் போட்டோம். கட்டில் அழகாக இருக்கிற எத்தனையோ படங்கள் பார்க்கிறேன், இரண்டாவது வழி எங்கே என்று தேடினால் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஓடும்போது உள்ளே ஆக்களை ஏற்றுவது ஒன்ராறியோவில் சட்டப்படி கூடாது. அரை மணி நேர ஓட்டம்தானே, பிள்ளைகள் படுத்துக்கொண்டு வரட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மார்ச் 22

ஹீற்றர். மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள், மூவருக்கும் ஒரே பதில்: சின்னப் புரொப்பேன் போத்தலில் எரிகிற கையடக்க ஹீற்றரைப் படுக்கைக்குள் எரியவிட்டு நித்திரை கொள்ளக் கூடாது. அது அறைக் காற்றைத்தான் எரிக்கிறது, கழிவையும் அறைக்குள்ளேயே விடுகிறது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். மூச்சு ஈரத்தோடேயே மல்லுக்கட்டுகிறோம், அதற்கு மேல் இதுவா?

மின்சாரம் உள்ள இடம் என்றால் ஒரு சின்ன எண்ணெய் ஹீற்றர் போதும், சத்தமில்லை. இல்லாத இடத்துக்கு டீசல் ஹீற்றர். ஜெர்மனியின் வெபாஸ்ரோவும் எபர்ஸ்பாக்கரும் லொறிகளுக்காகச் செய்தது, இப்போது சீனத் தயாரிப்புகள் மலிவாக வருகின்றன. எரிவதற்கான காற்றை வெளியில் இருந்து எடுத்துப் புகையை வெளியில் விடும், உள்ளே வருவது காய்ந்த சூட்டுக் காற்று மட்டும். 6க்கு 12க்கு 2 கிலோவாற் தாராளம். 5 கிலோவாற் வாங்கினால் எப்போதும் குறைந்த சூட்டிலேயே ஓடவேண்டி வரும், அப்படி ஓடினால் உள்ளே கரி படியும். அதனால் எந்த அளவாக இருந்தாலும் நிறுத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள்.

புகைக்குழாய் தரைக்குக் கீழே போய் ட்ரெய்லரின் விளிம்பைத் தாண்டி வெளியே முடிய வேண்டும், காற்று எடுக்கிற குழாய் அதிலிருந்து விலகி. பனி கொட்டினால் இரண்டையும் கையால் துப்புரவு பண்ண வேண்டும். கோடையில் நிரப்பிய டீசல் கானை ஜனவரியில் கொண்டு போகாதீர்கள், குளிரில் மெழுகாகிக் குழாயை அடைக்கும். பனிக்காலத்தில் பம்ப்பில் விற்பது குளிருக்கு ஏற்றது, அதைப் புதிதாக நிரப்புங்கள்.

மார்ச் 23

நேற்று விட்டது. கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம், டீசல் ஹீற்றர் என்றாலும். அந்த வாயு கிட்டத்தட்டக் காற்றின் பாரம்தான், எங்கும் கலந்து நிற்கும், ஆகவே படுக்கிற உயரத்தில் வையுங்கள். புரொப்பேன் கொண்டு போனால் அதற்கு வேறு அலாரம், தரைக்குக் கிட்ட. புரொப்பேன் காற்றைவிடப் பாரம், கீழே தேங்கும். ஒன்றை வாங்கி நடுவில் மாட்டினால் இரண்டுக்கும் சரிவரும் என்று நினைக்க வேண்டாம்.

ஏப்ரல் 6

பற்றரி பற்றிப் பெரிய விவாதமே நடக்கிறது, நான் கட்சி கட்ட விரும்பவில்லை. 100 அம்ப் மணி லித்தியம் ஒன்று கிட்டத்தட்ட 25, 30 றாத்தல், அதில் ஏறக்குறைய முழுதையும் பாவிக்கலாம். அதே அளவு ஈயப் பற்றரி 60 றாத்தலுக்கு மேல், பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். பாரக் கணக்குப் பார்க்கிற எங்களுக்கு லித்தியம்தான்.

ஆனால் கனடாவில் ஒரு கண்டிப்பு: லித்தியத்தைப் பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது. மின்சாரம் எடுக்கலாம், ஏற்றக் கூடாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பற்றரி நிரந்தரமாகப் பழுதாகும். குளிரில் தானாகவே சார்ஜை நிறுத்துகிற வகையைப் பார்த்து வாங்குங்கள், பற்றரியை வெளியே மூக்கில் உள்ள பெட்டியில் வைக்காமல் உள்ளே வையுங்கள். ஜனவரி வெயிலில் சோலர் பலகை நன்றாக வேலை செய்யும், பற்றரி விறைத்துப் போய் நிற்கும், அதுதான் ஆபத்தான சேர்க்கை.

எங்கள் பாவனை: கூரை விசிறி, நாலு லைற், போன்கள், டீசல் ஹீற்றரின் விசிறி. ஹீற்றர் பற்றவைக்கிற சில நிமிடம் மட்டும் 8 முதல் 10 அம்ப் இழுக்கும், பிறகு கொஞ்சம்தான். ஒரு பற்றரியும் 100 வாற் பலகை இரண்டும் எங்களுக்கு மிச்சம். பற்றரியில் இருந்து வருகிற பிளஸ் வயரில், பற்றரிக்கு ஓர் அடிக்குள் ஃபியூஸ். அது இல்லாத வயரிங்கை நான் எட்டியும் பார்க்க மாட்டேன்.

ஏப்ரல் 14

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். இன்று வேலை இல்லை, அதனால் குசினி.

உள்ளே சமைக்காதீர்கள். எங்கள் சமையலுக்கு இந்தப் பெட்டி தாங்காது. புட்டு அவித்தால் வருகிற நீராவி முழுவதும் கூரையில் நீராக இறங்கும். கடுகு, வெங்காயம், கருவேப்பிலை தாளித்த மணம் மெத்தைக்கும் திரைக்கும் ஏறி அக்டோபர் வரை போகாது. கரடி உள்ள காட்டில் அது வெறும் மணப் பிரச்சினையும் இல்லை. பின்கதவுகளைத் திறந்தால் கிடைக்கிற இடத்தில் வெளிப்பார்த்த மேசை ஒன்று மடிப்புக் கீலில் போடுங்கள், அடுப்பு அதில், மேலே ஒரு தார்ப்பாய். நின்று சமைக்கலாம், மழை படாது, பிள்ளைகள் உள்ளே புத்தகம் படித்துக்கொண்டு கிடப்பார்கள். உள்ளே ஒரு மின்கேத்தல் மட்டும், தேத்தண்ணிக்கு. அதையும் மின்சாரம் உள்ள இடத்தில்தான்.

ஏப்ரல் 20

கூரை விசிறிக்காகத் தகட்டை வெட்டப் பயமாக இருக்கிறது என்கிறார் தம்பி. நியாயமான பயம், ஆனால் இந்தத் துளைதான் முழுத் திட்டத்திலும் பயன் கூடியது. ஒரு யன்னல் விளிம்பில் கொஞ்சம் திறந்து, விசிறியை மெதுவாக வெளிப்பக்கம் ஓடவிட்டால் இரவு முழுக்க ஈரம் போய்க்கொண்டே இருக்கும். சூடும் கொஞ்சம் போகும், போகட்டும்.

அளவு 14க்கு 14 அங்குலம், எல்லா விசிறிகளும் அதற்குத்தான் வரும். கூரையைத் தாங்குகிற இரண்டு வளைவுச் சட்டங்களுக்கு நடுவே இடம் பாருங்கள், வளைவை வெட்ட வேண்டாம். உள்ளிருந்து நாலு மூலையிலும் சின்னத் துளை போட்டு, மேலே ஏறி அந்த நாலையும் கோடாக இணைத்து, தகட்டின் மேல் மறைநாடா ஒட்டி, உலோக அலகு போட்ட ஜிக்சோவால் வெட்டுங்கள். முன்னதாக உள்ளே சட்டகம் ஒன்று மரத்தில் கட்டிவைக்க வேண்டும், வெறும் தகட்டில் விசிறி நிற்காது. விளிம்புக்குக் கீழே பியூற்றைல் என்கிற ஒட்டுகிற ரப்பர் நாடா, திருகாணித் தலைகளுக்கு மேல் தானாகப் பரவுகிற கூரைப் பசை. சிலிக்கன் வேண்டாம். ஒருதரம் சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது, சிலிக்கனும் ஒட்டாது. அலுமினியத் துருவலை உடனே கூட்டி அள்ளுங்கள், பிள்ளைகளின் காலில் ஏறும்.

மே 4

மார்ச் 3 இல் பலகைப் பாரத்தைச் சொன்னேன், இப்போது படங்களைப் பார்த்த பிறகு அழுத்திச் சொல்கிறேன். முக்கால் அங்குலப் பிளைவூட் ஒரு முழுத் தட்டு 60 முதல் 70 றாத்தல். அரை அங்குலம் 40 முதல் 45. கால் அங்குலம் 20 சொச்சம். கட்டிலுக்கு முக்கால், அலுமாரிக்கு முக்கால், மேசைக்கு முக்கால் என்று போனால் ஐந்து தட்டில் 300 றாத்தலுக்கு மேல். கட்டிலுக்கு அரை அங்குலமும் கீழே நாலு தாங்கு சட்டமும் போதும். அலுமாரிக் கதவு எதற்கு? துணிப் பெட்டிகளை வலையில் கட்டினால் போகிறது. 20 லீற்றர் நீர்க் கான் ஒன்று 44 றாத்தல், அதை வீட்டில் நிரப்பி 300 கிலோமீற்றர் இழுக்க வேண்டிய தேவையும் இல்லை, பார்க்கில் குழாய் இருக்கிறது.

மூக்குப் பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். கொக்கி உயரத்துக்குக் கட்டைகளை அடுக்கி, மேலே குளியலறைத் தராசு, அதன் மேல் ஒரு பலகைத் துண்டு, அதில் மூக்கை இறக்குங்கள். சில்லுகளுக்குக் கட்டாயம் அணை வையுங்கள். 350 வரைக்கும் உங்கள் தராசு காட்டுமா என்று முதலில் பாருங்கள். மொத்தப் பாரத்துக்கு லொறிகள் நிற்கிற இடங்களில் உள்ள தராசுக்குப் போகலாம். நீரும் சாமானும் போட்ட நிலையில் அளந்தால்தான் அர்த்தம்.

மூக்கில் குறைந்தால் பாரமான சாமானை அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள். பின்குசினி வைப்பவர்களுக்கு இது முக்கியம், அடுப்பு, பாத்திரம், கூலர் எல்லாம் பின்னால் போய் மூக்கைத் தூக்கிவிடும். ஏப்ரல் 14 இல் நான் சொன்ன பின்மேசைக்கு இந்த விலை இருக்கிறது. எங்கள் பற்றரியும் உடுப்புப் பெட்டிகளும் முன்னால் இருப்பது அதனால்தான். ஓடும்போது கூலரும் முன்னால்தான்.

மே 18

இந்த நீண்ட வார இறுதிக்கே வெளிக்கிட வேண்டும் என்று துடிக்கிறவர்களுக்கு: அல்கொன்குவின் பார்க்கில் மே நடுவில் இருந்து ஜூன் வரை கறுப்பு ஈ. நுளம்பு அதற்குப் பிறகு. யன்னல்களுக்கும் விசிறிக்கும் பக்கக் கதவுக்கும் வலை இல்லாமல் போனால் ட்ரெய்லருக்குள் ஒளிந்துகொண்டே நாள் போகும். முதல் பயணம் கிட்டடியில் இருக்கட்டும், பிரஸ்கீல் பார்க் மாதிரி, ஏதும் பிசகினால் இரண்டு மணி நேரத்தில் வீடு.

ஒன்ராறியோ பார்க்குகளில் ஐந்து மாதம் முன்னரே காலையில் பதிவு திறக்கும். ஆகஸ்டுக்கு வேண்டும் என்றால் மார்ச்சில் விடியப்புறம் எழும்பி இருக்க வேண்டும். பனிக்காலத்துக்கு அல்கொன்குவினின் மியூ லேக், ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும், மின்சாரமும் உண்டு. இந்த ட்ரெய்லரின் உண்மையான அருமை அங்கேதான் தெரியும், கூடாரக்காரர் எல்லாரும் வீட்டில் இருக்கும்போது. வடக்கே அரச காணிகளில் கனடாவாசிகள் ஒரே இடத்தில் 21 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். வாவா ஊர்ப் பக்கம் 17ஆம் நெடுஞ்சாலையில் சுப்பீரியர் ஏரியோரம் போனவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஜூன் 1

தம்பி வாங்கிவிட்டாராம், படம் போட்டிருக்கிறார், குழாய் அடித்துப் பார்த்து ஒரு மூலை ஒழுக்கும் பிடித்துவிட்டாராம். சந்தோசம். இழுத்து வருவதற்கு முன் ரயரின் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம். கட்டை தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ஆறு வயது தாண்டிய ட்ரெய்லர் ரயரை மாற்றுங்கள், அவை ஓட்டத்தில் தேய்வதைவிட நின்று வெயிலில் வெடிப்பதுதான் கூட. 205/75 15 அங்குல சி வகை என்றால் காற்று 50 பி.எஸ்.ஐ, அதில் ஒவ்வொரு ரயரும் 1,820 றாத்தல் தாங்கும். காற்றுக் குறைந்தால் தாங்குவதும் குறையும்.

401 நெடுஞ்சாலையில் பெரிய லொறி ஒன்று தாண்டும்போது பின்னால் ஆட்டம் வந்தால், வான் பிரேக்கை மிதிக்காதீர்கள், சுக்கானை வெட்டாதீர்கள். காலை எடுங்கள், நேராகப் பிடியுங்கள், பிரேக் கொன்ட்ரோலர் இருந்தால் அதன் கைப்பிடியால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் மெதுவாக. பிறகு முதல் வெளிவாயிலில் இறங்கிப் பாரத்தை முன்னால் நகர்த்துங்கள்.

சில்லு கழற்றிப் பூட்டியிருந்தால் நட்டுகளை முதல் 50, 100 கிலோமீற்றரில் மறுபடி முறுக்குங்கள். முறுக்குமானி இல்லாவிட்டால் சனிக்கிழமை வந்து என்னுடையதை எடுத்துக்கொண்டு போகலாம், மார்க்கம்தானே, இடத்தைத் தனியாக அனுப்புகிறேன்.